கல்யாணமும் வசிப்புரிமையும்: ‘யு.எஸ். செட்டில்டு’ வரனுக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

ஜாதகத்தோடு வரும் பயோடேட்டாவில் ‘யு.எஸ். செட்டில்டு’ என்று ஒரு வரி இருக்கும். பெங்களூரின் அல்சூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ அதைப் படிக்கும் பெண்வீட்டார், கல்யாணம் முடிந்தால் மகளுக்கும் கிரீன் கார்டு வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரா என்பதைப் பொறுத்து மகளுக்குக் கிடைப்பது தலைகீழாக மாறும். லண்டன் பெண், சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே குழப்பம்தான். வெளிநாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தால் சட்டப்படி என்ன கிடைக்கும், எது கிடைக்காது, இடையில் எங்கே சிக்கல் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## மூன்று படிகள்

வெளிநாட்டில் வாழும் உரிமை பொதுவாக மூன்று படிகளில் வருகிறது.

1. தற்காலிக அனுமதி: குறிப்பிட்ட காலம் மட்டும் தங்கலாம். பிரிட்டனின் துணைவர் விசா, ஜெர்மனியின் வசிப்பு அனுமதி, சிங்கப்பூரின் நீண்டகால வருகை பாஸ் எல்லாம் இதில் சேரும்.
2. நிரந்தர வசிப்புரிமை: காலக்கெடு இல்லாமல் தங்கலாம், வேலை பார்க்கலாம். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். அமெரிக்க கிரீன் கார்டும் கனடாவின் பி.ஆரும் இந்த வகை.
3. குடியுரிமை: ஓட்டும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும்.

இங்கே பேசப்போகும் எந்த நாட்டிலும் தாலி கட்டியதும் நேரே மூன்றாம் படிக்குப் போக முடியாது. ஆரம்பம் முதல் படியிலா இரண்டாம் படியிலா என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

## மனு யாருடையது?

பெண்வீட்டார் கேட்க மறக்கும் கேள்வி இது. துணைவர் விசாவில் போகிறவருக்கு என்று தனியாக எந்த உரிமையும் கிடையாது. அழைக்கிறவரின் உரிமையில்தான் அவர் போகிறார். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், மனு போடுவது கணவர். மனைவி அதன் பயனாளி மட்டுமே. கிரீன் கார்டு கைக்கு வரும் முன் எந்தக் கட்டத்திலும் கணவர் மனுவைத் திரும்பப் பெறலாம். மனைவியின் சம்மதம் தேவையில்லை. பெங்களூரில் வேலையை விட்டு, வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர் இதைத் தெரிந்துகொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

பணமும் அழைக்கிறவர் பக்கமிருந்தே பார்க்கப்படுகிறது. அமெரிக்காவில் ஸ்பான்சர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அவருடைய வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025 கணக்கில் இருவர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 26,400 டாலர். சுவாரசியமான விஷயம், விவாகரத்து ஆனாலும் இந்த உறுதிமொழி முடியாது. வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் 10 ஆண்டு வேலைக்கான கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை அது ஸ்பான்சரைக் கட்டுப்படுத்தும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600. எலெக்ட்ரானிக் சிட்டியில் 40 லட்சம் சம்பளம் வாங்கும் மனைவிக்கு இங்கேதான் ஆச்சரியம் காத்திருக்கிறது: இந்தியாவிலிருந்து முதல்முறை விண்ணப்பிக்கும்போது அவருடைய இந்தியச் சம்பளம் கணக்கில் வராது. லண்டனில் இருக்கும் கணவரின் வருமானம்தான் கணக்கு. அது போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். சேமிப்பை மட்டுமே நம்பினால் 88,500 பவுண்டு ஆறு மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும்.

## அமெரிக்கா: மூன்று மாப்பிள்ளை, மூன்று வரிசை

1. குடிமகன். அவருடைய மனைவி ‘உடனடி உறவினர்’ என்ற வகையில் வருவார். இந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. அதாவது வரிசை இல்லை. முதலில் கணவர் போடும் ஐ-130 என்ற உறவுமுறை மனு, பிறகு தேசிய விசா மையத்தில் ஆவணப் பரிசீலனை, மருத்துவப் பரிசோதனை, கடைசியில் நேர்காணல். சுற்றுலா விசாவுக்குச் சென்னைக்கு ஓடிப் பழகிய பெங்களூர்க்காரர்கள் இதற்கு மும்பைக்குப் போக வேண்டும்.
2. கிரீன் கார்டு வைத்திருப்பவர். மனைவி எஃப்2ஏ என்ற வகை. இதற்கு ஆண்டு வரம்பு உண்டு என்பதால், மாதாமாதம் வரும் விசா அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இடையில் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் மனு முதல் வகைக்கு மாறும்.
3. எச்-1பி விசாக்காரர். மனைவிக்குக் கிடைப்பது எச்-4 என்ற சார்பு விசா. அதில் வேலை பார்க்க உரிமை இல்லை. கணவரின் கிரீன் கார்டு முயற்சி ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்த விதிவிலக்கும் 2015இல்தான் வந்தது.

மூன்றாமவரின் கிரீன் கார்டு வரிசையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு, பாஸ்போர்ட்டைப் பார்த்து அல்ல, பிறந்த நாட்டைப் பார்த்துப் பொருந்துகிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல ஆண்டு நீளம். ஆனால் கணவன் மனைவி இருவரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கிலேயே இருவரும் சேரலாம். மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணை மணக்கும் பெங்களூர் இன்ஜினியர், மலேசியக் கணக்கில் போய் இந்திய வரிசையைத் தாண்டிவிட முடியும். கல்யாணத்தால் வரும் குடியேற்றச் சலுகைகளில் அதிகம் பேர் அறியாதது இதுதான்.

நிச்சயதார்த்தத்துக்கே ஒரு விசா உண்டு. கே-1 எனப்படும் அதில் உள்ளே போனால் 90 நாளுக்குள் கல்யாணம் செய்ய வேண்டும். இது குடிமக்களை மணப்பவர்களுக்கு மட்டும். சிலர் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம் என்று சுற்றுலா விசாவில் போய் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிடலாம் எனத் திட்டம் போடுகிறார்கள். முன்பே அந்த நோக்கத்தோடு நுழைந்தது தெரிந்தால் அது பொய்த்தகவல் கொடுத்த குற்றமாகும், பின்னால் வரும் எல்லா மனுவையும் அது பாதிக்கும்.

## பிரிட்டன், ஜெர்மனி, மற்றவை

பிரிட்டனில் ஆரம்பம் முதல் படியில்தான். முதல் விசா 33 மாதம், அப்புறம் 30 மாத நீட்டிப்பு, மொத்தம் ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத் தேர்ச்சியும் படிப்படியாகக் கூடும்: நுழையும்போது தொடக்க நிலையான ஏ1, நீட்டிக்கும்போது ஏ2, நிரந்தரத்துக்கு நடுநிலையான பி1. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காசநோய் பரிசோதனைச் சான்றும் காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு முரண் உண்டு. அங்கே புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கும் இந்திய இன்ஜினியரை மணந்தால் மனைவி ஜெர்மன் தெரியாமலே போகலாம். ஜெர்மன் குடிமகனை மணந்தால் பொதுவாக ஏ1 தேர்வு முடித்த பிறகுதான் விசா. ஜெர்மன் மொழி கற்பிக்கும் பெங்களூர் மாக்ஸ் முல்லர் பவனின் ஏ1 வகுப்பில் கல்யாணத்துக்காகப் படிக்க வந்தவர்களைப் பார்க்க முடிவதற்கு இந்த விதியே காரணம். மறுபக்கம், குடிமகனின் துணைக்கு மூன்று ஆண்டில், பி1 அளவு ஜெர்மனும் இருந்தால், நிரந்தர அனுமதி கிடைக்கலாம்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு வாசல் பிரான்ஸ். புதுச்சேரி ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அதை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒருவரை இந்தியாவில் மணந்தால், அந்தத் திருமணம் பிரெஞ்சுத் தூதரகம் வழியாக பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற வேண்டும். உள்ளூர்ச் சான்றிதழ் மட்டும் துணைவர் விசாவுக்குப் போதாது. கல்யாணமாகி நான்கு ஆண்டுக்குப் பின், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், குடியுரிமை கேட்கலாம்.

கனடா நேரே இரண்டாம் படியைத் தருகிறது. அங்கே துணையை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. மூன்று ஆண்டு ஆதரிப்பேன் என்ற உறுதிமொழி போதும். ஆஸ்திரேலியா ஒரே விண்ணப்பத்தில் தற்காலிகம், நிரந்தரம் என இரு கட்டம் வைத்திருக்கிறது. கட்டணம் மட்டுமே 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். சிங்கப்பூரில் குடிமகனை மணந்தாலும் பி.ஆர். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். கல்யாணத்துக்கு முன்பே, நீண்டகாலப் பாஸ் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று விண்ணப்பித்துப் பார்க்க அங்கே வழி இருக்கிறது. சிங்கப்பூர் வரன் பேசுகிறவர்கள் முகூர்த்தம் குறிக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. மலேசியாவில் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸில் ஐந்து ஆண்டு இருந்த பிறகே நிரந்தரம் பற்றிப் பேச முடியும்.

## பெங்களூரில் தயாராகும் காகிதம்

வெளிநாட்டு அதிகாரி முதலில் கேட்பது, கல்யாணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுமா என்பது. இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன.

மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வருவார். ‘இப்போ ரிஜிஸ்டர் பண்ணிட்டு விசாவுக்குப் போட்டுடலாம், மண்டபக் கல்யாணத்தை ஆவணியில வெச்சுக்கலாம்’ என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். நடைமுறையில் வசதிதான். ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே தெளிவாகப் பேசியது. நீதிபதி பி.வி.நாகரத்னா, நீதிபதி அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ் அமர்வு, இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்லும் சடங்குகள் நடக்காமல் வெறும் பதிவுச் சான்றிதழால் திருமணம் உண்டாகாது என்றது. விசாவுக்காக அவசரமாகப் பதிவு செய்து, சடங்கைப் பின்னால் தள்ளிவைக்கும் வழக்கத்தையும் அது கண்டித்தது. அந்தச் சட்டத்தில் பதிவு என்பது நடந்து முடிந்த கல்யாணத்துக்கான சாட்சி. கல்யாணத்தை அது உருவாக்குவதில்லை.

பதிவாளர் முன்னிலையிலேயே கல்யாணம் உண்டாக வேண்டுமானால் அதற்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் நோட்டீஸ் கட்டாயம். நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். பெங்களூரில் வசிக்கும் பெண் முன்கூட்டியே நோட்டீஸ் ஏற்பாட்டைத் தொடங்கினால் மாப்பிள்ளையின் லீவுக்குள் முடித்துவிடலாம். துணை வேறு மதத்தவர் என்றால் பொதுவாக இதுதான் வழி. அவர் தன் நாட்டிலிருந்து ‘மணமாகாதவர்’ என்ற சான்றும் கொண்டுவர வேண்டியிருக்கும்.

சுயமரியாதைத் திருமணம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றினாலே செல்லும் என்ற 7ஏ பிரிவு, அண்ணா ஆட்சியில் 1967இல் தமிழ்நாடு செய்த மாநிலத் திருத்தம். கர்நாடகத்தில் அந்தத் திருத்தம் இல்லை. பெங்களூர் மண்டபத்தில் அப்படிக் கல்யாணம் செய்து இந்துத் திருமணமாகப் பதிந்தால், பின்னால் ஒரு தூதரகமோ ஒரு எதிர்வக்கீலோ கேள்வி எழுப்ப இடமிருக்கிறது. ஓசூரைத் தாண்டிப் போய் நடத்தலாம், அல்லது இங்கேயே சிறப்புச் சட்டத்தில் செய்துகொள்ளலாம்.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் எல்லாம் இந்துத் திருமணச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறவர்கள்தான்; வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்ற விதிவிலக்கில்தான் நம் கல்யாணங்கள் நிற்கின்றன. இந்தியாவில் செல்லும் என்பதற்காக எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று இல்லை. பிரிட்டனில் மாமன் மகளை மணக்கத் தடையில்லை, ஆனால் அக்கா மகளை மணக்கச் சட்டம் விடாது. ஜெர்மனி இரண்டையுமே தடுப்பதில்லை. அமெரிக்காவில் போய் வாழப்போகும் மாநிலத்தின் சட்டமும் பார்க்கப்படும். மாமன் மகளை மணப்பது கலிபோர்னியாவிலும் நியூ யார்க்கிலும் சட்டப்படி சரி. டெக்சாஸ் 2005இல் தடை செய்துவிட்டது. தாய்மாமனை மணப்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்பதில்லை. இந்த வகைக் கல்யாணம் என்றால் மனு போடும் முன்பே குடியேற்ற வக்கீலைப் பார்ப்பது அவசியம்.

மற்ற காகிதங்களில் அடிக்கடி சிக்கல் தருபவை:

1. பெயர். இனிஷியலோடு வாழும் நமக்குக் குடும்பப்பெயர் என்ற கட்டம் எப்போதுமே தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘கே. செல்வி’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் வேறு எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். அங்கே வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது துரத்தும். பதிவுத் திருமணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்துவிட வேண்டும்.
2. பிறப்புச் சான்று. ஊரில் பிறந்தவர்களுக்குப் பெயரே எழுதாத சான்றிதழ் இருப்பது சகஜம். பெயரைச் சேர்க்க வேண்டும். சான்றே இல்லையென்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றும் பெற்றோரின் பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். அதற்காகச் சொந்த ஊருக்கோ கோலார் தங்கவயலுக்கோ ஒரு நடை போக வேண்டியிருக்கும்.
3. முந்தைய கல்யாணம். பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தில் எழுதிய விடுதலை போதாது, நீதிமன்ற ஆணை கேட்பார்கள். வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்தும் எல்லாச் சமயத்திலும் இங்கே செல்லாது. இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகக் கொடுத்த வெளிநாட்டுத் தீர்ப்பை 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்திருக்கிறது.
4. அப்போஸ்டில். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாட்டில் ஏற்க வைக்கும் முத்திரை இது. இதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை அடுத்து. ஆனால் ஜெர்மனி, இந்தியா சேர்ந்ததற்கே ஆட்சேபம் தெரிவித்த நாடு. அங்கே அப்போஸ்டிலை நம்பிப் பயனில்லை. ஆவணத்தை நேரில் விசாரித்துச் சரிபார்க்கும் தனி நடைமுறை இருக்கிறது, அதற்கு மாதங்கள் ஆகும்.

## ‘உண்மையான கல்யாணம்தானா?’

ஆஸ்திரேலியச் சட்டம் இதை நான்காகப் பிரித்துக் கேட்கிறது: பணம், வீட்டு நிர்வாகம், சமூகத்துக்குத் தெரிந்த உறவா, ஒருவருக்கொருவர் உள்ள உறுதி. மற்ற நாடுகள் வேறு சொற்களில் இதையே கேட்கின்றன. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தை மும்பையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கும் விசா அதிகாரி சந்தேகப்படுவார் என்று பயப்பட வேண்டாம். அவர் பார்ப்பதில் பாதி அதுதான். பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், பத்திரிகை, மொய் வைத்த கூட்டம், இரு வீட்டாரும் நிற்கும் போட்டோ என எல்லாமே ஆதாரம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பிரிந்திருக்கும் மாதங்களில்தான் கோப்பு பலவீனமாகிறது: பேசிய பதிவு, வந்து போன டிக்கெட், அனுப்பிய பணம் எதுவும் இல்லாமல் வெறும் ஆல்பத்தோடு நேர்காணலுக்குப் போவது சரிப்படாது.

போலிக் கல்யாணத்துக்குத் தண்டனை கடுமை. அமெரிக்காவில் ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிடப் பெரிய அடி, ஒருமுறை இப்படி முத்திரை விழுந்தால், பின்னாளில் உண்மையாகவே ஒரு அமெரிக்கரை மணந்தாலும் அவர் போடும் மனு ஏற்கப்படாது. ‘பேப்பர் மேரேஜ், ரெண்டு வருஷத்துல டைவர்ஸ்’ என்று பேரம் பேசும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

## நடு வருடங்கள்

விசா கிடைத்து விமானம் ஏறியதோடு கதை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உரிமை முழுதாகக் கைக்கு வரும் வரை இருக்கும் சில ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டப்படி, உள்ளே நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்காவிட்டால் இரண்டு ஆண்டு நிபந்தனைக் கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். கல்யாணத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசா கையில் வந்தால், பயணத்தைத் தள்ளிப்போட்டு அதற்குப் பிறகு இறங்குவது இந்த மனுவையே தவிர்த்துவிடும்.

இந்த இடைக்காலத்தில் கல்யாணம் உடைந்தால்:

1. அமெரிக்கா: விவாகரத்து ஆனாலும், கல்யாணம் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்று நிரூபித்து மனைவி தனியாகவே ஐ-751 போடலாம். அடி, கொடுமை இருந்தால் விவாகரத்து வரை காத்திருக்கவும் வேண்டாம். கிரீன் கார்டு வரும் முன்பே கொடுமை என்றால், குடிமகனின் மனைவி கணவருக்குத் தெரியாமலே தன் பெயரில் மனு போடும் வழியும் உண்டு.
2. பிரிட்டன்: பிரிந்தால் விசா சுருக்கப்படும். குடும்ப வன்முறை காரணம் என்றால் ஐந்து ஆண்டு ஆகாமலே நிரந்தர வசிப்பு கேட்கலாம்.
3. ஜெர்மனி: அங்கே மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் சுதந்திரமான வசிப்புரிமை. கொடுமைக்கு விதிவிலக்கு இருக்கிறது.
4. கனடா: பி.ஆர். வந்த பின் பிரிந்தால் அது போகாது. 2012 முதல் இருந்த இரண்டு ஆண்டு நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டார்கள்.
5. எச்-4: விவாகரத்தோடு தகுதியும் போய்விடும். மிகவும் ஆதரவற்ற நிலை இதுதான். பெங்களூரிலிருந்து பலர் போவதும் இதில்தான்.

இன்னொரு வகைச் சிக்கல், விமானம் ஏறாமலே கைவிடப்படுவது. சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 287ஆவது அறிக்கையில், வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களுக்குத் தனி விரிவான சட்டமும் கட்டாயப் பதிவும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. புகார் கொடுக்க தேசிய மகளிர் ஆணையத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நடைமுறையில் உதவும் முன்னெச்சரிக்கைகள் எளியவை: மாப்பிள்ளையின் பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு, வேலைக் கடிதம் இவற்றின் நகலைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வாங்கி வைப்பது, மனு எண்ணைத் தன் கையிலும் வைத்திருப்பது, தன் மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காமல் இருப்பது. ‘நம்பிக்கை இல்லையா’ என்று மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

## இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆகும்?

நிரந்தர வசிப்புரிமை வாங்குவதால் இந்தியக் குடியுரிமை போகாது. அமெரிக்கக் குடிமகனோடு சேர்ந்து வாழும் துணை, வழக்கமான ஐந்து ஆண்டுக்குப் பதிலாக மூன்று ஆண்டிலேயே அங்கே குடியுரிமை கேட்கலாம். அதை ஏற்கும் நிமிடம், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, விசா இல்லாமல் இந்தியா வந்து தங்க உதவும் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. பெங்களூரிலேயே வாழ விரும்பும் வெளிநாட்டுத் துணை, முதலில் நுழைவு விசாவில் வந்து வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தன்னைப் பதிந்துகொள்கிறார். பதிவான கல்யாணம் இரண்டு ஆண்டு தொடர்ந்திருந்தால் அவருக்கும் ஓ.சி.ஐ. கிடைக்கும், தானோ தன் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை. இந்தியக் குடியுரிமையே வேண்டுமானால் ஏழு ஆண்டு இங்கே வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம்.